குருளையின் பள்ளி

நாய் வாலை நிமிர்த்த முடியாது என்பது பழமொழி. வால் வளைந்திருப்பதால் இதுகாறும் ஒருவருக்கும் தீங்கு நேர்ந்ததில்லை. நேராக்க வேண்டுவது வாலன்று, வாய். அவ்வாயை நேராக்குதல் இயலும். ஆனால் அதற்குரிய காலம் மிகக் குறுகியது. அக்காலத்தைத் தவறவிட்ட வீடுகளில் நாய் சங்கிலிக்கும், மாந்தர் மருத்துவமனைக்கும் உரியராகின்றனர்.

வாயின் தொழிலைக் குறிக்கத் தமிழில் பல சொற்கள் உள்ளன. கவ்வுதல் வேறு, கறித்தல் வேறு, கடித்தல் வேறு, குதறுதல் வேறு. தாய்ப்பூனை தன் குட்டியைக் கவ்விச் செல்கிறது. அதனைக் கடித்துச் செல்கிறது என்று எவரும் கூறார். ஆடு தழையைக் கறிக்கிறது. பாம்பு கடிக்கிறது. ஓநாய் குதறுகிறது. ஆனால் நாயின் குட்டிக்கு, தொல்காப்பிய மரபியல் வகுத்த பெயரால் சொல்வதாயின் குருளைக்கு, இவ்வேறுபாடுகள் பிறவியிலேயே தெரிந்தவை அல்ல. அதற்குக் கை இல்லை. குழந்தை கையால் தொட்டும் பிடித்தும் அறிவனவற்றையெல்லாம் குருளை வாயால் அறிகிறது. தோழமை காட்டுவதும் வாயால். விளையாட அழைப்பதும் வாயால். போ என்பதும் வாயால். அவ்வாயின் அளவை அது எங்கேனும் கற்றாக வேண்டும்.

கற்பதற்கு அதற்கென ஒரு பள்ளி உண்டு. அஃது உடன்பிறந்த குட்டிகளின் கூட்டமே ஆகும்.

குருளை பிறக்கும்போது கண் திறந்திராது, காதும் கேளாது. ஏறத்தாழ இரண்டாம் கிழமையில் கண் திறக்கும். மூன்றாம் கிழமையில் பாற்பற்கள் ஈற்றைத் துளைத்து வெளிவரத் தொடங்கும். எட்டாம் கிழமை அளவில் அவை 28 ஆகி நிறையும். ஊசி முனை போன்ற பற்கள் அவை. தாடையிலோ வலுவில்லை. வலுவில்லாத தாடையில் இத்துணைக் கூர்மையான பல்லை இயற்கை ஏன் வைத்தது என்று வினவுவார்க்கு, இயன் டன்பார் என்னும் கால்நடை மருத்துவர் கூறும் விடை எண்ணத் தக்கது. கூர்மையால் வலி உண்டாகும். வலுவின்மையால் ஊறு மிகுதியாகாது. ஆகவே தாடை வலுப்பெறுவதற்கு முன்பே, கடித்தால் எதிருள்ளார்க்கு வலிக்கும் என்பதைக் குருளை அறிந்துகொள்ள வாய்ப்பு ஏற்படுகிறது.

ஓர் ஈற்றில் பிறந்த குட்டிகள் நான்காம் கிழமை முதல் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து புரண்டு விளையாடும். ஒன்று மற்றொன்றின் காதைப் பற்றி இழுக்கும். பற்றியது மெல்லென இருப்பின் விளையாட்டுத் தொடரும். பல் அழுந்தினால் கடியுண்ட குட்டி வீல் என்று கத்திவிட்டு அப்பால் போய்விடும். கடித்த குட்டி ஒன்றும் விளங்காமல் தனியே நின்று விழிக்கும். சற்று நேரம் கழித்து மீண்டும் வந்து சேரும். இம்முறை சிறிது மெல்லக் கவ்வும். பால் குடிக்கும்போது பல் பட்டால் தாய் எழுந்து சென்றுவிடும். ஒரே நாளில் இது பன்முறை நிகழும். அங்கே கோல் இல்லை, வசை இல்லை. அழுத்தினால் ஆட்டம் நின்றுபோகும் என்பதே அப்பள்ளியின் பாடம். அடி உதவுகிறாற்போல் அண்ணன் தம்பி உதவமாட்டார்கள் என்று உலகத்தார் சொல்வர். குருளையைப் பொறுத்தமட்டில் அதனைத் தலைகீழாகப் படித்தல் வேண்டும். அண்ணன் தம்பி உதவுகிறாற்போல் அதற்கு அடி உதவுவதில்லை.

அமெரிக்க நாட்டில் மெயின் மாநிலத்துப் பார் ஹார்பர் என்னும் ஊரில் ஜான் பால் ஸ்காட், ஜான் புல்லர் என்னும் அறிஞர் இருவர் நாய்களின் இயல்பைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து, 1965-ஆம் ஆண்டில் ஒரு பெருநூல் வெளியிட்டனர். மூன்றாம் கிழமை முதல் பன்னிரண்டாம் கிழமை வரையிலான காலமே, தன் இனத்தோடும் மாந்தரோடும் பழகும் முறையை நாய் கற்கும் காலம் என்பது அவர்கள் கண்ட முடிபுகளுள் ஒன்று. அதன் பின்னரும் நாய் கற்கும். ஆயினும் ஈரச் சுவரில் எழுதுவதற்கும் காய்ந்த சுவரில் எழுதுவதற்கும் உள்ள வேறுபாடு அங்கு உண்டு. இந்திய அரசு 2017-ஆம் ஆண்டில் வகுத்த நாய் வளர்ப்பு விற்பனை விதிகளும் எட்டுக் கிழமை நிரம்பாத குட்டியை விற்றலாகாது என்று தடுக்கின்றன. சந்தையில் கூடையோடு அமர்ந்திருப்பாரிடம் இவ்விதியைச் சொன்னால் அவர் நகைப்பார். சிறிய குட்டியே எளிதில் விலைபோகும் என்பது அவர் கண்ட கணக்கு.

விருதுநகர் மாவட்டத்து இராசபாளையம் தன் பெயரையே ஒரு நாயினத்திற்கு ஈந்த ஊர். வெண்ணிற மேனியும், இளஞ்சிவப்பு மூக்கும், நீண்ட கால்களும் உடைய அந்நாயின் உருவம் 2005-ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் தலையிலும் இடம்பெற்றது. வேட்டைக்கும் காவலுக்கும் பெயர்போன இனம் அது. அவ்வூரை அடுத்த சிற்றூரில், நூற்பாலையில் பணிபுரியும் ஒருவர், அடுத்த தெருவில் ஈன்ற ஈற்றிலிருந்து ஒரு பெண்குட்டியை ஓலைக்கூடையில் வைத்து வீட்டிற்குக் கொணர்ந்தார். அதற்கு அப்போது நாற்பது நாள். பள்ளியில் சேர்ந்த பிள்ளையை இரண்டாம் வகுப்போடு நிறுத்தி அழைத்து வந்தாற்போன்றது அச்செயல். ஆனால் அதனை அவர் அறியார். அறிந்தவர் வீட்டில் ஒருவர் இருந்தார். அவர் அவருடைய தந்தையார். இளமையில் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் ஆட்டுக்கிடை காத்தவர் அம்முதியவர். "இன்னும் இரண்டு கிழமை தாயிடம் இருந்திருக்கலாமே" என்று மட்டும் கூறினார். கூடையிலிருந்து குட்டி வெளியே வந்தபின் அப்பேச்சை எவரும் கேட்கவில்லை.

முதல் மூன்று நாள் குட்டி உறங்கியது. நான்காம் நாள் அதற்கு வீடு தன்னுடையதாயிற்று. ஒன்பது வயதுச் சிறுமியின் பாவாடை விளிம்பைப் பற்றிக்கொண்டு முற்றம் முழுதும் தொங்கி வந்தது. கோலமிடக் குனிந்த இல்லத்தரசியின் குதிகாலைக் கடித்தது. பாட்டியின் புடைவைத் தலைப்பைக் கிழித்தது. பால் கொணர்ந்தவரின் கணுக்காலைத் தொடர்ந்து ஓடியது. சிறுமி கத்திக்கொண்டு ஓட ஓட அதன் மகிழ்ச்சி மிகுந்தது. ஓடுவதைத் துரத்துதல் நாயின் பிறவிக்குணம். கத்திக்கொண்டு ஓடுவது அதற்கு விளையாட்டின் உச்சம்.

"தாத்தா, இது என்னைக் கடிக்கிறதே!" என்று சிறுமி அழுதாள்.

"கடிக்கவில்லை அம்மா, உன்னைத் தன் அக்காள் என்று எண்ணிக்கொண்டிருக்கிறது" என்றார் முதியவர்.

அவர் சொன்னது முற்றும் உண்மை. ஆயினும் அழும் பிள்ளைக்கு அது மருந்தாகவில்லை.

அண்டை வீட்டார் ஆளுக்கொரு வழி கூறினர். மூக்கின்மேல் தட்டுக என்றார் ஒருவர். வாயை இறுகப் பிடித்து மூடுக என்றார் மற்றொருவர். கையில் மிளகாய்ச் சாறு பூசிக்கொள்க என்று மூன்றாமவர் கூறினார். குட்டியைக் கொணர்ந்தவர் முதலாவதைத் தேர்ந்தார். அடியாத மாடு படியாது என்பதில் அவருக்கு நம்பிக்கை மிகுதி. ஒரு கிழமைக்குள் அதன் பயன் தெரிந்தது. அவர் கையை உயர்த்தினால் குட்டி பதுங்கியது. பதுங்க இடமில்லாத மூலையிலோ பல்லைக் காட்டிப் பாய்ந்தது. அதுவரை விளையாட்டாகக் கடித்தது இப்போது அச்சத்தால் கடித்தது. இவ்விரண்டிற்கும் இடையே உள்ள தொலைவு பெரிது. விளையாட்டை நிறுத்துதல் எளிது. அச்சத்தைத் துடைத்தல் அரிது. சோறு வைப்பதும் தடவிக்கொடுப்பதும் கை. அடிப்பதும் அதே கை என்றால், வரும் கை எக்கை என்பதைக் குருளை எங்ஙனம் அறியும்? அது பல்லை முன்வைத்தே ஆராயும்.

முதியவர் மகனைக் கடிந்துகொள்ளவில்லை. மறுநாள் காலை தாமே முற்றத்தில் அமர்ந்து குட்டியை அழைத்தார். அது ஓடிவந்து விரலைக் கவ்வியது. அவர் வாளா இருந்தார். பல் அழுந்தியது. அவர் உரக்க ஒரு முறை "ஆ" என்றார். கையை வெடுக்கென்று இழுக்கவில்லை; இழுத்தால் கை ஓடும் எலியாகிவிடும் என்பது அவர் பட்டறிவு. கையைத் தளரவிட்டு, எழுந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, திண்ணைக் கதவின் அப்புறம் சென்று நின்றார். அரை நிமிடம் கழித்துத் திரும்பி வந்து ஒன்றும் நடவாததுபோல் அமர்ந்தார். குட்டி மீண்டும் கடித்தது; அவர் மீண்டும் எழுந்தார். அன்று காலையில் மட்டும் அவர் பதினொரு முறை எழுந்ததாகச் சிறுமி எண்ணினாள். முழங்கால் நோவுடைய முதியவர்க்கு இஃது எளிய தவமன்று.

இங்கு ஒன்று குறிக்கத் தக்கது. சில குட்டிகள் மாந்தரின் கூச்சலைக் கேட்டு அடங்குவதற்கு மாறாக மேலும் துள்ளும். அவற்றிடம் "ஆ" என்னும் ஒலியும் வேண்டா. ஓசையின்றி எழுந்து செல்வதே போதும். இராசபாளையம் இனத்தின் வெண்ணிறக் குட்டிகளுள் பிறவியிலேயே காது கேளாதன சில உண்டு. அத்தகைய குட்டி தன் உடன்பிறப்பின் அலறலையும் கேட்டிராது. ஆதலின் ஏனையவற்றினும் வன்மையாகக் கடிக்கும். அதனை முரடு என்று பழித்தல் அறியாமை. கையசைவும், முகந்திருப்பலும், விட்டு நீங்கலுமே அதற்குரிய மொழி.

முதியவர் முதல் இரண்டு கிழமையில் எல்லாக் கவ்வுதலையும் தடுக்கவில்லை. வலித்த கவ்வுதலுக்கு மட்டும் எழுந்து சென்றார். அழுத்தம் குறைந்தபின் சிறிது அழுத்தத்திற்கும் எழுந்தார். அதன் பின்னரே பல் தோலில் படுவதற்கே எழுந்தார். முதலில் அளவைக் கற்பித்துப் பின்னர் விலக்கைக் கற்பித்த இம்முறை, நாய் பயிற்றுவார் பலர் இன்று வற்புறுத்துவது. காரணம் ஆழமானது. ஒருபோதும் வாய் வையாதே என்று மட்டும் கற்ற நாய், பின்னொரு நாள் காலில் மிதியுண்டோ நோயுற்றோ தன்னை மறந்து கடிக்க நேர்ந்தால், அதன் தாடைக்கு அளவு தெரியாது. அளவைக் கற்ற நாயின் தாடை அந்நிலையிலும் முழுவதும் இறுகாதிருக்கக் கூடும்.

முறை செவ்வனே நடந்தும் மூன்றாம் கிழமையில் குட்டி முன்னினும் மிகுதியாகக் கடிக்கத் தொடங்கியது. காரணம் ஒருவருக்கும் விளங்கவில்லை. பின்னர்ச் சிறுமியே கண்டுபிடித்தாள். அவளுடைய சிற்றப்பா இரவில் வேலை முடிந்து வந்து, கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு குட்டியோடு மல்லாடிக்கொண்டிருந்தார். அது உறுமிக்கொண்டு கையைக் கடிப்பது அவருக்கு வேடிக்கையாக இருந்தது. ஒரு வீட்டில் ஐவர் எழுந்து செல்ல ஒருவர் மட்டும் ஆடினால், கடிப்பதைக் கைவிடலாகாது என்பதையே குருளை கற்றுக்கொள்ளும். எப்போதோ ஒரு முறை கிட்டும் பயன் எப்போதும் கிட்டும் பயனைக் காட்டிலும் பற்றை வளர்க்கும். சூதாடியின் நிலையும் அதுவே. அன்றிரவு முதியவர் தம் இளைய மகனிடம், "தம்பி, ஆறு திங்கள் கழித்து உன் கையில் துண்டு இராது; அதன் வாயில் பாற்பல்லும் இராது" என்றார். மல்லாட்டம் அன்றோடு நின்றது. விளையாட வேண்டின் முறுக்கிய கயிற்றுத் துணியின் ஒரு நுனியை அதன் வாயிலும் மறு நுனியைத் தம் கையிலும் வைத்து விளையாடினார். பல் கயிற்றை விட்டு விரலைத் தொட்டவுடன் கயிறு கீழே விழும்; ஆட்டம் முடியும்.

மாலை நேரத்தில் குட்டி பேய் பிடித்தாற்போல் ஓடிக் கடிப்பதை இல்லத்தரசி கவனித்தார். அவருக்குப் பிள்ளை வளர்த்த பட்டறிவு உண்டு. "இதற்கு உறக்கம் போதவில்லை" என்றார். அது சரியே. குருளைக்கு ஒரு நாளில் பதினெட்டு மணி நேரம் வரை உறக்கம் வேண்டும். வருவோர் போவோரெல்லாம் எழுப்பிக் கொஞ்சிய குட்டி, அந்திக்குள் தூக்கம் கெட்ட குழந்தையின் நிலையை அடைந்துவிடுகிறது. கட்டிலின் அடியில் சாக்கு விரித்து, அங்குக் கிடக்கும்போது எவரும் தொடலாகாது என்று அவர் விதித்தார். மாலைக் கடியில் பாதி அவ்விதியோடு நீங்கிற்று.

கடிப்பதற்கென்று ஏதேனும் ஒன்று குருளைக்கு வேண்டும். நான்காம் திங்கள் முதல் பாற்பல் விழுந்து புதுப்பல் முளைக்கும், ஈறு அரிக்கும். ஈரத்துணியை முறுக்கிக் குளிரூட்டிக் கொடுத்தால் அவ்வரிப்புத் தணியும். கெட்டி ரப்பர்ப் பொம்மையும் ஆகும். பழைய செருப்பைக் கொடுப்பது பலர் வழக்கம். பழைய செருப்பு இது, புதிய செருப்பு அது என்று பகுத்தறியும் நாய் இதுகாறும் பிறக்கவில்லை. விலக்குவதைக் காட்டிலும் மாற்றுத் தருதல் நன்று; தந்ததை அது கறிக்கும்போது ஒரு சொல் பாராட்டுதல் அதனினும் நன்று. விருந்தினர் வரும்போது தாவிக் கடித்த இக்குட்டி, உட்கார்ந்தால் ஒரு துண்டு இட்டிலி கிடைக்கும் என்று அறிந்தபின், படியேறுவார் எவரைக் கண்டாலும் ஓடிவந்து உட்கார்ந்தது. உட்கார்ந்திருக்கும் நாயால் குதிகாலைத் துரத்த முடியாது.

சிறுமிக்கும் ஒரு பாடம் வேண்டியிருந்தது. குட்டி பாய்ந்தால் கைகளைக் கட்டிக்கொண்டு மரம்போல் அசையாது நிற்குமாறு முதியவர் கற்பித்தார். முதல் நாள் அவளால் மூன்று நொடிகூட நிற்க இயலவில்லை. நான்காம் நாள் நின்றாள். அசையாத பாவாடையில் குட்டிக்குச் சுவை இல்லை. உண்ணும் நாயையும் உறங்கும் நாயையும் தொடலாகாது என்பதும் அவள் கற்றாள். அவளினும் இளைய அண்டை வீட்டுக் குழந்தைகளைக் குட்டியோடு தனியே விடுவதை மட்டும் அவ்வீட்டார் எக்காலத்தும் ஒப்பவில்லை.

ஒரு நாள் பாற்பல் ஒன்று சிறுமியின் மணிக்கட்டைக் கீறிவிட்டது. கோடுபோல் சிறு காயம். ஒரு துளிக் குருதி. பாட்டி சுண்ணாம்பு எடுத்துவந்தார். "குட்டிப் பல்லுக்கு நஞ்சில்லை" என்றார். அவ்வூரில் மட்டுமன்று, எவ்வூரிலும் கேட்கும் சொல் இது. இதனால் மாண்டார் உளர். வெறிநாய்க்கடி நோய்க்கிருமி உமிழ்நீரில் வாழ்வது. அவ்வுமிழ்நீர் குட்டியுடையதா முதுநாயுடையதா என்று அது பார்ப்பதில்லை. நாய்க்கு அந்நோய்த் தடுப்பூசி மூன்று திங்கள் நிரம்பிய பின்னரே முதலில் இடப்பெறும். ஆகவே மிகுதியாகக் கடிக்கும் அகவையே காப்பில்லாத அகவையும் ஆகும். நோயின் அறிகுறி தோன்றியபின் அதனைத் தீர்க்கும் மருந்து இன்றளவும் நம்பத்தக்க வகையில் இல்லை. தோன்றுமுன் தடுப்பதோ எளிது. இல்லத்தரசி சுண்ணாம்பை வாங்கி அப்பால் வைத்தார். மகளின் கையைக் குழாயடியில் பிடித்து, சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் நீரில் கழுவினார். காப்பித்தூளோ மஞ்சளோ வைக்கவில்லை, கட்டும் போடவில்லை. உடனே அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். அன்றும், அதன்பின் 3, 7, 28-ஆம் நாட்களிலும் சிறுமியின் தோளில் ஊசி இடப்பட்டது.

பாட்டி தம் இளமையில், வயிற்றில் தொப்புளைச் சுற்றி நாள்தோறும் ஊசி போட்டுக்கொண்டு வந்தவரைக் கண்டவர், அதனாலேயே அஞ்சினார். அவ்வகை மருந்து இந்நாட்டில் 2004-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. இந்நோய்க்குத் தடுப்பு மருந்து கண்ட லூயி பாஸ்டர், 1885-ஆம் ஆண்டு சூலை 6-ஆம் நாள் அதனை முதன்முதல் இட்டுக் காத்ததும் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனையே. அவர் பெயரால் நீலகிரியில் குன்னூரில் அமைந்த நிலையம் 1907 முதல் இத்துறையில் பணிபுரிந்து வருகிறது. மூன்று திங்கள் நிரம்பிய நாளன்றே குட்டிக்கும் ஊசி போடப்பட்டது.

பிற நாய்களைக் கடிக்கும் பழக்கம் வேறொரு வகையில் தீர்ந்தது. ஏனைய தடுப்பூசிகளும் நிரம்புமுன் தெருநாய்களிடையே குட்டியை விடுதல் தகாது. பார்வோ எனப்படும் கொடிய கழிச்சல் நோய் பல குட்டிகளைக் கொன்றுவிடும். எனினும் தன் இனத்தையே காணாது வளர்ந்த நாய், பின்னர் எந்நாயைக் கண்டாலும் அஞ்சும், அஞ்சுவது கடிக்கும். முதியவர் இதற்கு நடுவழி கண்டார். எதிர் வீட்டில் ஊசி போடப்பெற்ற, பல ஈற்றுக் கண்ட, பொறுமையுடைய பெட்டைநாய் ஒன்று இருந்தது. நாள்தோறும் மாலையில் குட்டியை அதனிடம் விட்டார். குட்டி காதைக் கடித்தது, முதுநாய் பொறுத்தது. மீண்டும் கடித்தது, உதட்டைச் சுருக்கியது. மூன்றாம் முறை உறுமித் தன் மூக்கால் குட்டியைப் புரட்டிவிட்டது. பல் படவில்லை. குட்டி எழுந்து உடலை உதறிக்கொண்டு, முன்னங்கால்களைத் தாழ்த்திப் பின்புறத்தை உயர்த்தி வணங்குவதுபோல் நின்றது. விளையாட வா என்பது அந்நிலைக்குப் பொருள். முதுநாயும் வாலை ஆட்டியது. மனிதர் ஒரு திங்கள் முயன்று கற்பித்ததை அந்நாய் ஒரு கிழமையில் கற்பித்துவிட்டது என்று சிறுமியின் தந்தையார் வியந்தார்.

உறுமியதற்காக முதுநாயை அதட்ட முற்பட்டார் அவர். முதியவர் தடுத்தார். உறுமல் என்பது நாயின் எச்சரிக்கை. உறுமும்போதெல்லாம் அடிவாங்கிய நாய் உறுமுதலை விட்டுவிடும், கடித்தலை விடாது. முன்னறிவிப்பின்றிக் கடித்தது என்று பழி சுமத்தப்பெறும் நாய்களுள் பல, முன்னறிவித்ததற்காக என்றோ அடிபட்டவையே. குரைக்கிற நாய் கடிக்காது என்னும் பழமொழியை நம்பிக் கை நீட்டுவதும் அறிவுடைமை அன்று. குரைக்கும் நாய் விலகி நில் என்கிறது. விலகி நிற்றலே தக்கது. தெருவில் செல்லும்போது வாரை இறுக்கிப் பிடித்து வேற்று நாயின் எதிரே நிறுத்துவதாலும் சண்டை மூளும். இறுகிய கழுத்துடைய நாய் வணங்கவும் இயலாது, விலகவும் இயலாது. தளர்ந்த வாரும், எதிர்ப்பக்கமாக வளைந்து செல்லும் நடையுமே வேண்டுவன.

அதே ஈற்றில் பிறந்த மற்றொரு குட்டி தெருக்கோடியில் ஒரு வீட்டில் வளர்ந்தது. அதுவும் கடித்தது. அதனை வேம்பின் அடியில் கட்டிப்போட்டனர். சங்கிலியின் நீளம் இரண்டு முழம். போவோர் வருவோரையெல்லாம் கண்டும் எவரையும் அணுகப்பெறாது, அதன் விளையாட்டுச் சினமாயிற்று. சிறுவர் தொலைவில் நின்று கல்லெறிந்தனர். அவிழ்த்தால் கடிக்கும் என்று கட்டினர். கட்டியதனால் மேலும் கடித்தது. ஆறாம் திங்களில் ஒரு நாள் இரவு, அதனைச் சாக்கில் இட்டு இரு சக்கர வண்டியில் கொண்டுபோய் எங்கோ விட்டுவந்தனர். எங்கு என்று கேட்டவருக்கு அவ்வீட்டார் விடை கூறவில்லை.

ஏழாம் திங்களில் முதியவரின் குட்டிக்கு 42 பற்களும் நிறைந்தன. உதிர்ந்த பாற்பற்களுள் ஒன்று மட்டும் சாக்கின் மடிப்பில் அகப்பட்டது. ஏனையவற்றை அது விழுங்கியிருத்தல் வேண்டும். சிறுமி அதனைத் தீப்பெட்டியில் இட்டு வைத்தாள்.

அத்திங்களில் ஒரு நண்பகல், நாய் கட்டிலின் அடியில் உறங்கிக்கொண்டிருந்தது. இல்லத்தரசி அடுக்களையில் இருந்தார். அண்டை வீட்டு நான்கு வயதுக் குழந்தை திறந்திருந்த வாயில் வழியே ஓடிவந்து, கால் தடுக்கி, அதன் பின்னங்காலின்மேல் விழுந்தது. நாய் அலறி எழுந்து திரும்பிக் குழந்தையின் முன்கையை வாயில் பற்றியது. அடுக்களையிலிருந்து ஓடிவந்த இல்லத்தரசி கண்டது அக்காட்சியையே. அவர் வாயிலிருந்து சொல் எழுமுன் நாய் கையை விட்டுவிட்டது; இரண்டடி பின்வாங்கி, நொந்த காலைத் தூக்கிக்கொண்டு நின்றது. அவர் குழந்தையை வெளிச்சத்திற்குத் தூக்கிச் சென்று முன்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எச்சில் ஈரம் இருந்தது. கீறல் இல்லை; பல் பதிந்த தடமும் இல்லை. எனினும் குழாயடிக்குச் சென்று சோப்பிட்டுக் கழுவினார். மருத்துவரும் பார்த்துத் தோல் கிழியவில்லை, ஊசி வேண்டா என்றார். திரும்பி வந்தபோது முதியவர் நாயின் காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.